நாளைய உலகைப் பேசிய அவைகள்

கூடிப் பேசுதல் தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்து இந்திர விழாவின்போது அறிஞர்களைப் பட்டிமண்டபம் ஏறுமாறு அழைத்த செய்தியை மணிமேகலை கூறுகின்றது. அவையறிதல், அவையஞ்சாமை என்னும் இரண்டு அதிகாரங்களைத் திருவள்ளுவர் பொருட்பாலில் அடுத்தடுத்து வைத்துள்ளார். கற்றவன் ஒருவன் தான் கற்றதைப் பலர் முன்னிலையில் எடுத்துரைக்க அஞ்சுவானாயின் அக்கல்வி முழுமை பெறாது என்பது நம் முன்னோர் கொண்ட கருத்து. நம் சங்கம் ஆண்டுதோறும் விழா எடுப்பதும் அக்கருத்தின் வழியே என்க.

ஆயினும், நம் அவைகள் பெரும்பாலும் சென்ற காலத்தையே பேசுகின்றன. சங்க காலத்தின் பெருமை, சோழர் கடல் வணிகம், கம்பன் கவிநயம் ஆகியவை பேசப்பட வேண்டியவையே. வருங்காலத்தைப் பேசும் அவை ஒன்று உண்டா? உண்டு. அறிவியற் புனைகதைகளை விரும்பிப் படிக்கும் அன்பர்கள் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாக உலகின் பல நகரங்களில் அத்தகைய மாநாடுகளைக் கூட்டி வருகின்றனர். அவற்றின் வரலாறு நம்மவர் பலர் அறியாதது. எனினும், இராமகுப்பம் போன்ற எல்லைப்புற ஊர்களில் வாழும் தமிழர்க்கு அதில் கற்க வேண்டிய பாடங்கள் பல உள. அவற்றை இங்கே சுருங்கக் கூறுவோம்.

கடிதத்தில் பிறந்த கூட்டம்

சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவிக்காக வானிற் பறக்கும் மயிற்பொறி ஒன்றைச் செய்வித்தான். அஃது அழகிய கற்பனை. எனினும் அப்பொறி எந்த இயற்கை விதியின்படி பறந்தது என்பது அங்கே வினாவன்று. அறிந்த விதியிலிருந்து தொடங்கி, 'இவ்வாறு நிகழின் மக்கள் வாழ்வு என்னாகும்?' என்று ஆராய்ந்து கதை புனைவதே அறிவியற் புனைகதை. இவ்வகை எழுத்துக்குத் தனி இதழ் கண்டவர் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர். அவர் லக்சம்பர்க் நாட்டில் பிறந்து 1904-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். பிழைப்பு நாடிப் பிறநாடு சென்ற அவர் 1926 ஏப்ரலில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்னும் இதழைத் தொடங்கினார்.

அவ்விதழின் கதைகளைவிட வரலாற்றில் நிலைத்த பயன் விளைவித்தது அதன் வாசகர் கடிதப் பகுதியே எனலாம். கடிதம் எழுதியோரின் முகவரிகளும் அங்கே அச்சிடப்பட்டன. அதனால் ஒரு வாசகர் மற்றொரு வாசகருக்கு நேரே கடிதம் எழுதும் வழி பிறந்தது. தம் தெருவில் தம்மைப் போல் எண்ணுவார் எவரும் இலர் என்று ஏங்கியிருந்த இளைஞர்கள், நூறு கல் தொலைவிலே தம் இனத்தார் இருப்பதைக் கண்டுகொண்டனர். 1934-இல் கெர்ன்ஸ்பேக் 'அறிவியற் புனைகதைக் கழகம்' ஒன்றை நிறுவியதும் ஊர்தோறும் அதன் கிளைகள் தோன்றின. கடிதத்தால் அறிமுகமானவர்கள் முகங்காண விரும்பினர். அவ்விருப்பமே மாநாடாக மலர்ந்தது.

முதல் மாநாடு எது?

தமிழ் ஊர்களில் எக்கோயில் பழைமையானது என்று வழக்காடுவதுபோல, முதல் மாநாடு எது என்பதிலும் வழக்குண்டு. 1936 அக்டோபர் 22-ஆம் நாள் நியூயார்க் அன்பர்கள் சிலர் பிலடெல்பியாவுக்கு வந்து அவ்வூர் அன்பர்களைக் கண்டு பேசினர். அதுவே முதல் மாநாடு என்பது அமெரிக்கர் கூற்று. 'அது நண்பர் சந்திப்பேயன்றி மாநாடாகாது. முன்னரே அறிவித்து, நிகழ்ச்சி நிரல் வகுத்து, 1937 சனவரி 3-ஆம் நாள் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் கூடியதே முதல் மாநாடு' என்பது ஆங்கிலேயர் கூற்று.

லீட்ஸ் கூட்டத்துக்கு வந்தோர் மிகச் சிலரே. பெரிய மண்டபம் அமர்த்தும் பொருள் வளம் அவர்களுக்கு இல்லை. அவர்கள் கூடியது அந்நகரத்துப் பிரம்மஞான சங்கத்தின் கூடத்தில். அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்டதும், 1915-இல் மதனப்பள்ளியில் கல்லூரி நிறுவியதுமான அதே இயக்கத்தின் இடம் அது. மதனப்பள்ளி அந்நாளில் நம் சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது என்பதை நினைக்குங்கால், தொலைவிலுள்ள லீட்ஸ் நகரமும் நமக்குச் சற்று அண்மையதாகவே தோன்றுகின்றது.

அக்கூட்டத்துக்கு வந்தவருள் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். அவர் பெயர் ஆர்தர் சி. கிளார்க். அவரைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

அடைபட்ட கதவு

1939-இல் நியூயார்க்கில் பெரியதோர் உலகக் கண்காட்சி நடைபெற்றது. 'நாளைய உலகம்' என்பது அதன் பொருள். அதனையொட்டி சூலை 2 முதல் 4 வரை அந்நகரில் முதல் உலக அறிவியற் புனைகதை மாநாடு கூடியது. ஏறத்தாழ இருநூறு பேர் வந்திருந்தனர். சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டவர் எழுத்தாளர் அல்லர். இதழ்களின் அட்டையில் விண்கலங்களையும் வேற்றுலக நகரங்களையும் வண்ணத்தில் தீட்டிய ஓவியர் பிராங்க் ஆர். பால் அவர். படம் வரைந்தவரை முதல் மாலைக்குரியவராக ஆக்கிய அவர்தம் பண்பு பாராட்டத்தக்கது. வருங்கால உடை இவ்வாறிருக்கும் என்று தாமே தைத்த ஆடையை அணிந்து அன்பர் இருவர் வந்தனர். இன்று பற்பல நாடுகளில் கதைமாந்தரின் வேடம் புனைந்து விழாக்களுக்குச் செல்லும் வழக்கத்துக்கு அதுவே முன்னோடி என்பர்.

அம்மாநாட்டின் வாயிலிலே வருந்தத்தக்க நிகழ்ச்சி ஒன்றும் நேர்ந்தது. அமைப்பாளருக்கும் மற்றொரு குழுவினருக்கும் இடையே அரசியற் கருத்து வேறுபாடும் பழம்பகையும் இருந்தன. குழப்பம் விளைவிப்பர் என்று அஞ்சி அக்குழுவினர் அறுவரை உள்ளே விட மறுத்தனர். அவ்வறுவருள் டொனால்ட் வால்ஹைம், பிரெடரிக் போல், சிரில் கார்ன்பிளத் ஆகியோர் அடங்குவர். பின்னாளில் போல் புகழ்பெற்ற எழுத்தாளராகவும் இதழாசிரியராகவும் விளங்கினார். வால்ஹைம் 1971-இல் சொந்தப் பதிப்பகமே கண்டார். கார்ன்பிளத்தின் கதைகள் இன்றும் படிக்கப்படுகின்றன. அக்குழுவைச் சார்ந்த ஐசக் அசிமோவ் மட்டும் எவ்வாறோ உள்ளே சென்றுவிட்டார். நண்பர்கள் வெளியே நிற்கத் தாம் உள்ளே இருந்தது அவர் உள்ளத்தை உறுத்தியது.

நாளைய உலகைப் பேச வந்தோர் நேற்றைய பகையை மறக்கவில்லை. கதவை அடைத்தவர்களின் பெயர்களை இன்று ஆராய்ச்சியாளரே அறிவர். வெளியே நிறுத்தப்பட்டோரின் நூல்களோ உலகெங்கும் பரவின. சங்கங்கள் நடத்துவோர் அனைவரும் இதனை நினைவிற்கொள்வது நன்று.

மாநாடு நடைபெறும் முறை

இம்மாநாடுகளுக்கும் நாம் அறிந்த இலக்கிய விழாக்களுக்கும் வேறுபாடுகள் உள. இங்கே பார்வையாளர் என்று எவரும் இலர். பணம் செலுத்துவோர் அனைவரும் அவ்வாண்டு மாநாட்டின் உறுப்பினர் ஆகின்றனர். நுழைவாயிலில் பெயர் எழுதுவோர் முதல் நாற்காலி அடுக்குவோர் வரை பணிபுரிவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத அன்பர்களே. 1953-இல் பிலடெல்பியாவில் முதன்முதலாக அளிக்கப்பட்ட ஹியூகோ விருது கெர்ன்ஸ்பேக்கின் பெயரால் அமைந்தது. அறிஞர் குழு அதனைத் தேர்ந்தளிப்பதில்லை. உறுப்பினர்கள் வாக்களித்தே தருகின்றனர்.

பேசும் முறையும் வேறு. நம் பட்டிமன்றத்தில் இரண்டு அணியினர் எதிரெதிர் நின்று வாதிட, நடுவர் இறுதியில் தீர்ப்புக் கூறுவார். அங்கே மூவரோ நால்வரோ ஒரே மேசையில் அமர்ந்து ஒரு பொருளைப் பற்றி உரையாடுவர். நடுவில் இருப்பவர் வினாக்களைத் தொடுப்பார். தீர்ப்பு இல்லை. இறுதிப் பகுதி அவையோர் வினவுதற்கு உரியது. வானியல் கற்ற பேராசிரியரும் பள்ளி மாணவனும் ஒரே வரிசையில் நின்று வினவலாம். பேச்சாளர் கூறும் கணக்கில் பிழை இருப்பின் அவையிலுள்ள ஒருவர் எழுந்து திருத்துவதும் உண்டு. அதனை எவரும் அவமதிப்பாகக் கருதுவதில்லை.

சிறப்பு விருந்தினர் உரைக்குத் தனிமதிப்பு உண்டு. 1941-இல் டென்வர் நகரில் ராபர்ட் ஹைன்லைன் ஆற்றிய உரை வருங்காலத்தைக் கண்டறிதல் பற்றியது. அவ்வாண்டின் இறுதியிலேயே அமெரிக்காவும் உலகப் போரில் இறங்கியது. 1942 முதல் 1945 வரை உலக மாநாடு கூடவில்லை. 1946-இல் லாஸ் ஏஞ்சல்சில் மீண்டும் கூடியது. பின்னர் 1948-இல் டொரான்டோ, 1957-இல் இலண்டன், 1970-இல் ஹைடல்பர்க், 1975-இல் மெல்பர்ன், 2007-இல் யோக்கஹாமா என்று அமெரிக்காவுக்கு வெளியேயும் பரவியது. 2023-இல் சீனத்துச் செங்டு நகரில் கூடியபோது, தகுதியுடைய சில படைப்புகள் தக்க காரணம் காட்டாமலே விருதுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 2024 தொடக்கத்தில் வாக்குக் கணக்கு வெளிவந்தபோது அச்செய்தி உலகுக்குத் தெரிந்தது. உறுப்பினர்கள் கணக்கைக் கேட்டதனாலும் ஒளிவின்றிப் பேசியதனாலும் அப்பிழை வெளிச்சத்துக்கு வந்தது. கதவை அடைக்கும் ஆசை 1939-உடன் ஒழியவில்லை என்பதும், அதனை எதிர்த்துக் கேட்கும் துணிவும் அன்பர்களிடம் அழியவில்லை என்பதும் இதனால் விளங்கும்.

கொழும்பில் வாழ்ந்த கனவினர்

லீட்ஸ் கூட்டத்துக்கு வந்த இளைஞர் கிளார்க் பின்னர் என்னானார்? 1945 அக்டோபரில் ஆங்கில வானொலித் தொழில்நுட்ப இதழ் ஒன்றில் அவர் கட்டுரை ஒன்று வெளியிட்டார். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கோளை நிறுத்தினால், அது பூமியுடன் சேர்ந்தே சுழன்று, கீழிருந்து நோக்குவார்க்கு ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். அத்தகைய மூன்று கோள்கள் இருப்பின் உலகம் முழுவதுக்கும் செய்தி பரப்பலாம் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். அப்பொழுது ஒரு செயற்கைக்கோளேனும் வானில் இல்லை.

1956-இல் நியூயார்க்கில் கூடிய உலக மாநாட்டின் சிறப்பு விருந்தினர் அவரே. அம்மாநாட்டில் அவர்தம் சிறுகதை ஒன்றுக்கு ஹியூகோ விருதும் கிட்டியது. அதே ஆண்டில் அவர் இலங்கையில் குடியேறினார். 2008 மார்ச்சு 19-ஆம் நாள் மறையும் வரை அத்தீவே அவருக்கு ஊராயிற்று. பிழைப்புக்காகப் பிறநாடு செல்வோர் பலர். கடலின் அழகுக்காகவும் அமைதிக்காகவும் பிறநாடு வந்தவர் அவர்.

அவர் கனவில் இந்தியாவுக்கும் பங்குண்டு. 1975 ஆகத்து முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக ஆந்திரப் பிரதேசம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பப்பட்டது. அவ்வொளிபரப்பைக் காண்பதற்காகக் கொழும்பில் கிளார்க்கின் இல்லத்திலும் இந்தியப் பொறியாளர்கள் ஏற்பிக் கருவி ஒன்றை அமைத்துத் தந்தனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் தாளில் எழுதிய கணக்கு உழவர் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்ததை அவர் தம் வீட்டிலிருந்தே கண்டார். பிற்காலத்தில் நெடும்பயணம் இயலாதபோது, தொலைநாட்டு அவைகளுக்குச் செயற்கைக்கோள் வழியாகவே உரையாற்றினார். தாம் சொன்ன பொறி தம் சொல்லையே சுமந்து செல்லக் கண்ட பேறு எழுத்தாளர் எத்துணைப் பேருக்கு வாய்க்கும்?

இந்திய மண்ணில்

இவ்வெழுத்து நம் நாட்டுக்கு இரவலாக வந்ததன்று. 1896-இல் அறிஞர் சகதீச சந்திர போசு வங்கமொழியில் எழுதிய கதையொன்றில், கடலில் எழுந்த புயல் ஒரு புட்டி கூந்தல் எண்ணெயால் அடங்குகின்றது. கூந்தல் எண்ணெய் வணிகர் நடத்திய போட்டிக்கு அக்கதையை எழுதி அவர் பரிசு பெற்றார். 1905-இல் ரொக்கையா என்னும் வங்கப் பெண்மணி, பெண்கள் ஞாயிற்றின் வெப்பத்தைப் பயன்கொண்டு ஆட்சி நடத்தும் ஒரு நாட்டைக் கற்பனை செய்து ஆங்கிலத்தில் எழுதினார். 'சுல்தானாவின் கனவு' என்னும் அக்கதை வெளிவந்த இடம் நம் சென்னை. கமலா சத்தியநாதன் நடத்திய மாதர் இதழே அதனை அச்சிட்டது.

அன்பர்கள் கூடியது முதலில் கல்கத்தாவில். 1963-இல் அத்ரீச வர்தன் வங்கமொழியில் அறிவியற் புனைகதைக்கெனத் தனி இதழ் தொடங்கினார். 1966-இல் அங்கே அறிவியற் புனைகதைத் திரைப்படக் கழகம் ஒன்று தோன்றியது. அதன் தலைவர் திரைமேதை சத்தியசித் ரே.

மராத்தியர் கதை இன்னும் சுவையானது. 1974-இல் மராத்தி அறிவியல் மன்றம் கதைப் போட்டி ஒன்றை நடத்தியது. வானியல் அறிஞர் சயந்த் நார்லிகர் கருந்துளை பற்றிய கதை ஒன்றை அனுப்பினார். தம் புகழ் நடுவர் கண்ணை மறைத்தல் கூடாதென்று, தம் பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி, நாராயண் விநாயக் சகதாப் என்று புனைபெயர் சூட்டிக்கொண்டார். கையெழுத்தால் அடையாளம் தெரிந்துவிடாதவாறு மனைவியார் மங்களாவைக்கொண்டு படியெடுக்கச் செய்தார். முதற்பரிசு அக்கதைக்கே கிடைத்தது. 1975-இல் கராடு நகரில் கூடிய மராத்தி இலக்கிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய துர்க்கா பாகவத் அம்மையார், தம் தலைமையுரையில் நார்லிகரின் இப்புதுவகை எழுத்தைப் பாராட்டினார். நெருக்கடி நிலையை அஞ்சாது கண்டித்த அதே மாநாடு அது. நாட்டின் விடுதலையைப் பேசிய நாவே வருங்காலக் கதையையும் வரவேற்றது. 2021-இல் நாசிக்கில் கூடிய 94-ஆம் மராத்தி இலக்கிய மாநாட்டுக்கு நார்லிகரே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஓரத்தில் நின்ற எழுத்து அரியணை ஏற நாற்பத்தாறு ஆண்டுகள் ஆயின. 2025 மே 20-இல் அவர் மறைந்தார்.

தமிழில் இத்துறையைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றவர் சுசாதா என்னும் புனைபெயர் பூண்ட ரங்கராசன் (1935–2008). அவர் பெங்களூரில் பாரத மின்னணு நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டே எழுதினார். 'என் இனிய இயந்திரா' என்னும் தொடரைப் படித்து வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் எல்லைக்கு வெளியே வேலை பார்த்துக்கொண்டு, தமிழின் எல்லையை விரித்தவர் அவர் என்பதை வெளிமாநிலத் தமிழராகிய நாம் பெருமையுடன் நினைக்கலாம். அவருக்கும் முன்னரே, 1963-இல் வெளிவந்த 'கலை அரசி' என்னும் திரைப்படத்தில் வேற்றுலகத்தார் பறக்கும் கலத்தில் வந்து தமிழ்ப் பெண்ணைக் கவர்ந்து சென்றனர்!

நம் வட்டாரம்

இனி நம் ஊரை நோக்குவோம். இராமகுப்பம், ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் என்னும் மூன்று மாநிலங்களும் நெருங்கும் மூலையில் உள்ளது. 1911 வரை வடஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகர் சித்தூரே. வேலூரும் சித்தூரும் அன்று ஒரே மாவட்டம். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்துடன் இணைந்தபோதும் எல்லைக்கோடு மீண்டும் அசைந்தது. கோடுகள் அசைந்தன. மக்களும் அவர்தம் மொழிகளும் இருந்த இடத்திலேயே இருந்தனர்.

இம்மூலையைச் சுற்றிலும் அறிவியல் ஒரு வளையம் போல் அமைந்திருக்கின்றது. தெற்கே சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் உள்ளது. 1972-இல் அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. 1988-இல் அங்கிருந்து கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றுக்குக் கணித மேதை இராமானுசன் பெயர் சூட்டப்பட்டது. மேற்கே கோலார் தங்கவயலில், தமிழ்த் தொழிலாளர் பலர் உயிரைக் கொடுத்து உழைத்த ஆழ்சுரங்கத்திலே, 1965-இல் வளிமண்டல நியூட்ரினோ துகளின் சுவட்டை அறிஞர்கள் கண்டனர். வடகிழக்கே திருப்பதிக்கு அருகில் காதங்கியில் வளிமண்டலத்தை ஆராயும் பெரிய ராடார் உள்ளது. 1980 சூலை 18-இல் இந்தியா தன் ஏவுகலத்தால் முதன்முதலாகச் செயற்கைக்கோளை வானில் நிறுத்திய ஸ்ரீஅரிகோட்டா, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்தது. கனவுகாண இதைவிட ஏற்ற இடம் வேறு உண்டோ?

அவையும் தொலைவில் இல்லை. 1998-இல் முனைவர் கே. எஸ். புருசோத்தமன் முயற்சியால் இந்திய அறிவியற் புனைகதை ஆய்வுச் சங்கம் தோன்றியது வேலூரில்! அதன் மாநாடுகள் பின்னர் நாட்டின் பல நகரங்களில் நடைபெற்றுள்ளன. ஆசிரியரும் மாணவரும் எழுத்தாளரும் அங்கே கட்டுரை படிக்கின்றனர். 2008 நவம்பரில் காசி நகரில் இத்துறை பற்றிய தேசியக் கலந்துரையாடல் ஒன்றும் நடைபெற்றது. சித்தூரும் வேலூரும் ஒரே மாவட்டமாய் இருந்ததை எண்ணின், இந்திய அன்பர்களின் அவை பிறந்ததும் நம் பழைய வீட்டிலேயே எனலாம்.

நாம் செய்யத்தக்கது

நம் பிள்ளைகள் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ அறிவியல் கற்கின்றனர். வீட்டிலே தமிழ் பேசுகின்றனர். 'தமிழ் பாட்டியின் மொழி, பண்டிகையின் மொழி. நாளையைப் பேச அது உதவாது' என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தில் மெல்ல வேரூன்றுகின்றது. இதுவே நமக்கு நேர்ந்துள்ள உண்மையான இடர். பழம்பெருமை பேசுவதால் மட்டும் இவ்விடர் நீங்காது. எம்மொழியில் ஒரு சிறுவன் தன் கனவைச் சொல்லிப் பிறர் வினவக் கேட்கின்றானோ, அம்மொழியே அவனுக்கு உயிர்மொழியாகும்.

ஆதலின், நம் ஆண்டு விழாவில் ஒரு பிற்பகலை இவ்வவைக்கு ஒதுக்குதல் வேண்டும். நால்வர் அமரும் ஒரு மேசை போதும். காவலூரைப் பார்த்து வந்த மாணவி ஒருத்தி, தங்கவயலில் பணிபுரிந்து ஓய்ந்த முதியவர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், கதை எழுதும் இளைஞர் ஒருவர் ஆகியோர் கூடிப் பேசட்டும். நூறாண்டுக்குப் பின் பாலாற்றில் நீர் ஓடுமா, நிலவில் குடியேறும் தமிழன் எந்த மாதத்தில் பொங்கல் வைப்பான் என்பன போன்ற வினாக்கள் எழட்டும். தெலுங்கிலும் கன்னடத்திலும் வினவ விரும்பும் அண்டை வீட்டாரையும் அழைப்போமாக. குப்பத்திலே 1997-இல் தோன்றிய திராவிடப் பல்கலைக்கழகம் தென்மொழிகள் ஒருங்கு வாழ்தலையே தன் நோக்கமாகக் கொண்டது. 1939-இல் நியூயார்க்கில் அடைபட்ட கதவு நம் ஊரில் திறந்தே இருக்கட்டும்.

பேச எழும் இளைஞர்க்கு ஒரு சொல். அவை சிறிதென்று தளரற்க. லீட்ஸ் நகரில் கூடியவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் எழுதிய கணக்கு இன்று வானில் நின்று நம் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் படம் அனுப்புகின்றது. நம் கூடத்தில் கூடும் சிலருள்ளும் அத்தகையோர் ஒருவர் இருத்தல் கூடும்.

வாழ்க தமிழ்! வளர்க அறிவியல்! ஓங்குக நம் சங்கம்!